பானெட்டின் சூடு

காரின் முன்மூடி, அதுதான் பானெட், அதன் மேல் வைத்த உள்ளங்கையில் ஏறிய அந்தச் சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு கார் புரோக்கர் வீட்டு வாசல். பாசி நிறத்தில் நாலு கதவுக் கார், காலை நேரத்து நிழலில்தான் நின்றிருந்தது. ஆனாலும் சுட்டது.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் அறுபதுகளில், புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க முடியாத வக்கீலும் டாக்டரும் பழைய வண்டி பார்க்க என்னைத்தான் கூட்டிப்போவார்கள். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவில் நகர்த்தி, அது ஒட்டாத இடத்தில் துருவை மறைத்து மக்கு பூசியிருக்கிறது என்று காட்டுவேன். திருப்புளியை எஞ்சினில் ஊன்றிப் பிடியில் காதை வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். அப்படிக் கேட்கத் தெரிந்தவன் அன்றைக்குப் பெங்களூரில் இன்னொருவன் இல்லை. இதற்கெல்லாம் முன்னால் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே யாரோ ஓட்டிவைத்திருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சினும் சூட்டில் ஒழுங்காகக் கிளம்பிவிடும், குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். அப்போது பேசாமல் திரும்பி, மறுநாள் போகவேண்டும். நானே எனக்கு வைத்த சட்டம் அது.

அன்று என்னை அழைத்துப்போனவர் மர்பி டவுன் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர். அவர் கணவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டவர். மூச்சு முட்டும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அதற்காகவே டீச்சர் ஓட்டக் கற்றிருந்தார்.

“சூடா இருக்கா மேஸ்திரி? அப்படின்னா நாளைக்கு வருவீங்கன்னு சொன்னாங்களே,” என்றார் டீச்சர்.

புரோக்கர் சிரித்தான். “இப்பதான் அல்சூர்லேர்ந்து வந்துச்சு. என்ன மேஸ்திரி, காதுல கேக்கறது எல்லாம் சும்மா பேச்சா? நாளைக்கு வந்தாதான் தெரியுமா?”

சுற்றி நாலைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டேன். சுத்தமான சத்தம். “என் காது போதும் டீச்சர். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க,” என்றேன்.

டீச்சர் வாங்கிவிட்டார். மார்கழியில் ஒரு விடிகாலை என் பட்டறைக்கு ஓடிவந்தார். வண்டி கிளம்பவில்லை என்றார். அவர் வீட்டுக்குக் கூடவே ஓடினேன். பின்சீட்டில் தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு அவர் கணவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல் சுற்றியும் எஞ்சின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. கடைசியில் ஜட்கா குதிரைவண்டியில்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னைக்குத் தொட்டீங்களே, சூடாத்தானே இருந்துச்சு?”

“ஆமா டீச்சர்.”

“நீங்களே இதை வித்துக் குடுங்க. வாங்கறவங்களைக் காலையில குளிர்ல வரச்சொல்லுங்க.” சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு எனக்கு மூன்று பட்டறைகள். ஆனாலும் வண்டி பார்க்கக் கூப்பிட்டால் நானே போகிறேன். முதலில் உள்ளங்கையை பானெட்டில் வைக்கிறேன். சூடாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் திரும்பிவிடுகிறேன். பெரியவர் கை வைத்தே கண்டுபிடிக்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். நானும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன்.