ஜப்திக்குக் காத்திருந்தவர்

ஆம்ப்ரோஸ் கோலப் வீட்டில் ஜப்தி செய்ய உருப்படியாக இருந்தது ஒரு பித்தளைக் கெட்டில்தான். வருடா வருடம் அதைத்தான் எடுத்துப் போவார்கள். அவரும் வருடா வருடம் அதைப் பளபளவென்று விளக்கி வைத்துக் காத்திருப்பார். இப்படியும் ஒரு மனுஷன்!

டோர்செட் மாவட்டத்தை எந்தக் காலத்திலோ நூறு நூறு குடும்பமாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ‘நூறு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெக்ஸ்கம் நூறு என்றால் நூறு குடும்பம் இருக்கும் என்று நம்பி யாரும் எண்ணப் போக வேண்டாம். அந்த நூறுக்கென்று ஒரு கோர்ட்டு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மேட்டின் மேல் முள்மரத்தடியில் கூடும். நிலம் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் பெயரைக் கூப்பிடும்போது ‘இருக்கேன்’ என்று சொல்லியாக வேண்டும். வராதவன் வீட்டுப் பொருள் ஒன்றை ஜப்தி செய்து, அபராதம் கட்டியதும் திருப்பித் தருவார்கள். ஒரு காலத்தில் திருடர்களை நடுங்கவைத்த கோர்ட்டு, விக்டோரியா ராணி காலத்தில் பன்றி புகுந்த வழக்கும் வேலி நகர்ந்த வழக்குமாகச் சுருங்கிப் போயிருந்தது. ஐந்தாறு கிழவர்கள் வந்து குளிரில் கையைத் தேய்த்து நிற்பார்கள். முடிந்ததும் பீர் குடிக்க இறங்கிவிடுவார்கள்.

கோலப், மனைவி இறந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து ஓடையோரப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவர். ஆடுகளோடு நாளெல்லாம் பேசுவார். ஆள்களைக் கண்டால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

வந்த வருடம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் கோர்ட்டுக்குப் போகவில்லை. மறுநாளே, பெயர் கூப்பிடுவதும் ஜப்தி செய்வதுமான வேலையிலிருந்த கோர்ட்டு அமீனா ரூபன் லோடர் வாசலில் வந்து நின்றார்.

“என்னய்யா, ராஜா வீட்டு மாப்பிள்ளையா நீ? கூப்பிட்டா வர மாட்டியோ?”

“காய்ச்சல்.”

“காய்ச்சலுக்கெல்லாம் கோர்ட்ல லீவு கிடையாது. அந்தக் கெட்டிலை ஜப்தி பண்றேன். அதுக்கு முன்னாடி அதுலயே ஒரு டீ போடு, தொண்டை வறளுது.”

டீயும் பாலாடைக்கட்டியுமாக, பொழுது சாயும்வரை ஊர்க்கதை பேசினார் ரூபன். ஒரு வாரம் கழித்துக் கெட்டிலைத் திருப்பித் தர வந்தபோது இன்னொரு தரம் உட்கார்ந்து பேசினார். அவர் போன பிறகு வீடு முன்னைவிட வெறிச்சென்று இருந்தது.

அடுத்த வருடம் கோலப்புக்கு ஒரு நோயும் இல்லை. மேட்டிலிருந்து தன் பெயரைக் கூப்பிடுவது நன்றாகவே காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரூபனிடம் ‘சும்மா வீட்டுக்கு வந்து போங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது அவருக்கு வராது, செத்தாலும் வராது. அதற்குப் பிறகு எல்லா வருடமும் அப்படித்தான்.

ஒரு கோடையில் ஆட்டு வியாபாரி நல்ல சேதியாக நினைத்துச் சொன்னான். “நூத்துக் கோர்ட்டை மூடியாச்சுய்யா. லண்டன்ல சட்டமே போட்டுட்டாங்க. இனி உன்னை எவனும் கூப்பிட மாட்டான், நிம்மதியா இரு.”

கோலப்புக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சட்டம் கிடக்கட்டும், ரூபன் வருவார் என்று அறுப்பு முடியும்வரை பார்த்தார். யாரும் வரவில்லை. கடைசியில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, வெட்கத்தை விட்டு, ரூபன் வீட்டுக்கே நடந்தார்.

கதவைத் திறந்தது மகள் டாமசின். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருந்தாள்.

“அப்பா கோடையில புல்லு அறுக்குறப்பவே போயிட்டாரு. உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. உள்ள வாங்க பெரியவரே.”

கோலப் வாசலிலேயே நின்றார். “இந்த வருஷ ஜப்தி…” என்றார்.

“உங்க பண்ணை எங்க நூறுலயே சேரலையே. ஓடைக்கு அந்தாண்ட பக்கத்து நூறு. முதல் வருஷம் அப்பா தெரியாமத்தான் உங்க பேரைக் கூப்பிட்டாரு. தெரிஞ்ச பிறகும் விடல. ஊரே சிரிச்சது. ‘உங்கம்மா போனதுலேருந்து நான் பேசுறதைக் கேக்க அந்த ஒரு ஆள்தான் இருக்கான், சும்மா போனா கதவைத் திறப்பானோ மாட்டானோ’ன்னாரு.”

கோலப் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

“நானும் வேணும்னுதாம்மா வராம இருந்தேன்,” என்றார். “கூப்பிடுறது காதுல விழும். விழுந்தும் உக்காந்திருப்பேன். அவர் வரணும்னு.”

ரூபனிடம் சொல்லியிருக்க வேண்டியதை ரூபனின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.