குவைத்திலிருந்து வந்த சிடி

சித்தப்பா குவைத்துக்குப் போன மறுவருஷம் அவரிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. அங்கே கட்டட வேலையில் சாரம் சரிந்து ஆட்கள் விழுந்துவிட்டார்கள் என்று நகரிப் பக்கம் யாரோ சொன்ன பேச்சு, சுற்றிச் சுற்றி விஜயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. விழுந்தவர்கள் யார் என்கிற விவரம் மட்டும் வரவில்லை. சித்தி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு குழைந்து அடிபிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவளைப் பார்க்க வந்த பெண்கள் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கத்தை முன்கூட்டியே விசாரித்து வைப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு சுறுசுறுப்பு உண்டு.

அப்போதுதான் சித்தப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்த புத்தலப்பட்டுக்காரர் லீவில் வந்தார். நகரி பஸ் ஸ்டாண்டில் அப்பா கையில் (நைனா என்றுதான் கூப்பிடுவேன்) ஒரு சிடியைக் கொடுத்து, “நல்லா கீறான். எல்லாம் இதுல பேசிக்கீறான், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டாராம். பக்கத்துக் கடை ஒன்றில் நைனா அதைப் போட்டுப் பார்த்தார். காலி சிடி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் நைனாவும் சித்தியும் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டரில் இங்கிலீஷ்தான் வரும் என்பதால், இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படித்த என்னையும் கூட்டிப்போனார்கள். அந்தப் பெருமையில் நான் ஜன்னலோரத்தைக்கூடக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்தது அந்த இன்டர்நெட் சென்டர். அதை நடத்தியவர் ஒரு தெலுங்குக்கார அம்மா; எல்லோரும் மேடம் என்றார்கள். முதல் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்ட பிறகும், சிடியைப் போடச் சொல்லியே கேட்டது. இன்னொன்றில் போட்டார். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஒரு கட்டம் வந்தது.

“இன்னா போட்டுக்கீது? படி” என்றார் நைனா.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, கெட்டுப்போயிருக்கலாம் என்பது வரை தமிழில் சொன்னேன். அதற்குள் சித்தி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உள்ள ஒண்ணுமில்ல. கையில எதையோ திணிச்சிட்டு ஓடிட்டான்” என்று நைனா எழுந்தார். “நான் இப்படியே புத்தலப்பட்டு போறேன். என் தம்பி எங்கடான்னு கேக்கறேன்.”

“ஆகண்டி அண்ணா, நில்லுங்க. பாப்பா இன்னும் முழுசா படிக்கல” என்றார் மேடம். “இல்லன்னா விண்டோஸுக்கு ஒத்துவராத மாதிரி எழுதியிருக்கலாம்னும் போட்டிருக்கு.”

சிடியை வெளியே எடுத்து ட்யூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்தார். உள்வட்டத்தில் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறித் தெரிந்தது. “இது எழுதின எடம். காலி சிடி இப்படி இருக்காது.” பிறகு சித்தியிடம் குனிந்தார். “அம்மா, தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க தெலுங்கு போர்டைப் பாத்தா படிக்க வராது. போர்டுல ஒண்ணும் இல்லன்னு ஆயிடுமா? அங்க மேக்குன்னு வேற வகை கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுத்திருப்பாங்க. இதுக்கு அது தெரியல, அந்தே, அவ்ளோதான்.”

சித்தி சிடியையே பார்த்தாள்.

மூலையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. சிடியில் கீறல் இருக்கிறது, படிக்கும்போது பாதியில் நின்றாலும் நிற்கும் என்று, மொத்த சிடியையும் அப்படியே ஒரே ஃபைலாக முதலில் நகல் எடுத்தார் மேடம். டிரைவ் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. நைனா உட்காரவே இல்லை. நகல் முடிந்து திறந்தால், கறுப்புத் திரையில் இது என்ன வகை என்று தெரியவில்லை என வந்தது. மேடம் பெங்களூரில் வேலை செய்யும் தம்பிக்கு போன் போட்டார். இது மேக் வகை என்று நாமே சொல்ல வேண்டும் என்றாராம் அவர். ஹெச், எஃப், எஸ் என்று ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லியபடி தட்டினார். திரை பேசாமல் இருந்தது. பிறகு ஒரு ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஒரே ஒரு வீடியோ.

சித்தப்பா வந்தார். இளைத்திருந்தார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்புக்குக் கீழே போர்வை போட்டிருந்தார்.

“நல்லா கீறேன். சும்மா அழுதுகினு இருக்காத. வேளைக்குத் துன்னு” என்று சித்தியிடம் சொன்னார். நான் நன்றாகப் படிக்க வேண்டுமாம். நடுவில் எங்கோ போன் அடித்தது. சித்தப்பா அந்தப் பக்கம் பார்த்தார்; வேறு யாரோ போய் எடுத்தார்கள். யாருடைய கையோ தண்ணீர் டம்ளரை நீட்டியது. அவ்வளவுதான்.

நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

“இன்னொரு தபா போடும்மா” என்றாள் சித்தி. இந்த முறை அவள் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய்த் திரையின் கீழ்ப்பக்கத்தில் விரலை வைத்தாள். போர்வை ஒரு பக்கம் கால் நீளத்துக்கு மேடாகவும் இன்னொரு பக்கம் கட்டிலோடு தட்டையாகவும் கிடந்தது. போர்வையில் என்ன இருக்கிறது பார்க்க என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மேடம் மெல்ல எழுந்து வெளியே போனார்.

திரும்பும் பஸ்ஸில் சித்தி சிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் இறங்கியதும் முதலில் யாரிடம் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். தாங்க முடியாமல் நைனாவிடம் கேட்டேன், நானே எல்லாரிடமும் சொல்லட்டுமா என்று.

அவர் வெளியே பார்த்தபடியே, “உயிரோட கீறான்னு மட்டும் சொல்லு” என்றார்.

அதைவிட வேறென்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினேன்.