அவிழாத எட்டு முடிச்சுகள்

போன செவ்வாய்க்கிழமை, நல்ல மழையில் ஒரு லாரி எங்கள் எடைமேடையில் ஏறி நின்றது. சங்கரன்கோவிலுக்கு வெளியே, ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற எடைமேடை. லாரி ஏறியதும் பொத்தானை அமுக்கிச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது என்னுடைய இப்போதைய வேலை. எந்த வேலையையும் இப்போதைய வேலை என்று சொல்வதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. சீட்டைக் கொடுக்க வெளியே வந்தேன். நனைந்த தார்ப்பாயின் வாடை, அதற்கு அடியிலிருந்து எலுமிச்சம்பழ வாசம். இந்த இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்குக் கால்பந்து ஞாபகம் வந்துவிடும்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நான் அதை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தெளிவாகவில்லை. அதற்குப் பிறகு தறியில் நூல் எடுத்துப் போட்டேன். பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் எந்த இடத்திலும் கால் நிற்காது. கடைசியில் கால் நிற்காமல் இருப்பதையே வேலையாகக் கொண்ட ஒன்று அமைந்தது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிக்கொண்டு எறணாகுளம் போகிற லாரியில் கிளீனர்.

டிரைவர் முருகையா அண்ணாச்சி. ஐம்பது வயது, பெரிய தொந்தி, எப்போதும் வெற்றிலை. அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றுதான், தார்ப்பாய் கட்டுவது. கேரளாவுக்குள் இறங்குகிற ஆரியங்காவுக் கணவாயில் மழையும் காற்றும் ஒன்றாக அடிக்கும். ஒரு முடிச்சு விட்டால் தார்ப்பாய் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும், பழம் நனையும், நனைந்த பழத்தை மார்க்கெட்டில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே இன்னொரு சுற்றுப் போட்டு இறுக்க வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கயிறு கையில் வந்ததும் கை பாட்டுக்குச் செய்துவிடும்.

காலையில் மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டால் திரும்புகிற லோடு கிடைக்க ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். அதுவரை லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுக்கை. வெயில் படாது, ஆனால் முகத்தில் எண்ணெய் சொட்டும். அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம்தான், மஞ்சள் சட்டை போட்ட பத்துப் பையன்கள் ஒரு சின்ன டெம்போவில் பெரிய துணிச் சுருள் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கட்டு மோசமான கட்டு. சுருளின் ஒரு முனை ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போனது. எங்கள் தொழிலில் இருக்கிறவனால் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியாது. ஓடிப்போய் டெம்போவை நிறுத்தி, அவிழ்த்து, முழுக்கத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

அவர்களில் தலைவன் மாதிரி இருந்தவன் பினோய். மொபைல் கடையில் வேலை பார்த்தவன், என் வயதுதான். கட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கேறிக்கோ" என்றான். ஏறிக்கொள் என்கிறான். தமிழ்நாட்டிலிருந்து போகிற எவனும் அந்த ஊரில் அண்ணாச்சிதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இதை முருகையா அண்ணாச்சியிடம் சொன்னபோது வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஏலே, ஒனக்கு மீச கூட ஒழுங்கா மொளைக்கல. நீ அண்ணாச்சின்னா நான் யாருல?"

அன்றைக்குச் சாயங்காலம் முதன்முதலாக ஒரு ஸ்டேடியத்துக்குள் போனேன். கொச்சி அணியின் சொந்த மைதானம், எங்கே பார்த்தாலும் மஞ்சள். பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் நாங்கள் நின்ற மேல்மாடம் அதிர்வது கால் வழியாகத் தெரிந்தது. முப்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் குதித்தால் சிமென்ட் அதிருமா என்று பயந்து பினோயைப் பார்த்தேன். அவன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தான். நானும் கழற்றினேன்.

அதிலிருந்து மூன்று வருடம். ஆட்டம் உள்ள வாரத்தில் எங்கள் லாரி எறணாகுளத்தில் இருக்கிற மாதிரி வேறு கிளீனர்களோடு முறை மாற்றிக்கொள்வேன். தொடர் முழுவதும் எந்த அணிக்கு எத்தனை புள்ளி, யாருக்கு முழங்கால் வலி, எவனை அடுத்த வருடம் விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றுவரை முழுசாக வராது. பாட்டுகளையும் கற்றுக்கொண்டேன். மலையாளம் பாதி புரியாமலே தொண்டை கிழியப் பாடுவேன். சென்னை அணியோடு ஆடும்போது மட்டும் பாடுகிற ஒரு பாட்டு இருந்தது. இரண்டு வருடம் பாடிய பிறகுதான் அதன் அர்த்தத்தைப் பினோய் விளக்கினான். கணவாய் தாண்டி வந்தவனே, வந்த வழியே திரும்பிப் போ என்று அர்த்தமாம். வாரா வாரம் கணவாய் தாண்டிப் போகிறவன் நான். எனக்கு எதிராக நானே இரண்டு வருடம் கத்தியிருக்கிறேன்.

ஊருக்கு வந்தால் இதைப் பேச ஆள் கிடையாது. ரத வீதியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்ப்பேன். கடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்.

"என்னடே, ஒன்றரை மணி நேரமா ஓடுதானுவ, ஒரு கோலுகூட விழல. இதுக்குப் போயி ஏன் நகத்தக் கடிக்க?"

"ஒங்களுக்குச் சொன்னா புரியாது வே."

"ஒனக்குப் புரியுதா?"

புரிந்தது என்று சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும், நான் போன மறுநாள் வேறொருவன் வந்து நின்றுவிடுவான். என்னைக் காணோம் என்று தேடிப் போன் செய்தது அந்த மேல்மாடத்துக்காரர்கள்தான். "அண்ணாச்சி, சனியாழ்ச்ச வருமோ? பேனர் கெட்டணும்." சனிக்கிழமை வருவாயா, பேனர் கட்ட வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வரிக்காகப் புளியங்குடியிலிருந்து இரண்டு நாள் முன்பே கிளம்பத் தயாராக இருந்தேன்.

மூன்றாவது வருடம் சென்னை அணி வந்தபோது, அதுவரை கட்டாத அளவில் பேனர் செய்தார்கள். ஒரு பெரிய வள்ளம், துடுப்போடு நூறு பேர். துணி ராஜபாளையத்துக் காடா. எலுமிச்சை மூடைகளுக்கு மேலே போட்டு நானே கொண்டு போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் விரித்துப் போட்டு, இருபது நாள், வேலை முடிந்து வந்து வந்து வரைந்தார்கள். மேல்மாடத்துக் கம்பியில் சுருட்டிப் பன்னிரண்டு இடத்தில் கட்ட வேண்டும். அணிகள் மைதானத்துக்குள் வரும்போது பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கயிற்றின் நுனியை இழுப்பார்கள். சுருள் விரிந்து வள்ளம் கீழே இறங்க வேண்டும். இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடு என்று பினோய் மூன்று தடவை சொன்னான். எனக்கா சொல்கிறாய் என்று கேட்டேன்.

நான் கட்ட ஆரம்பித்தபோது மழை. காற்றும் சேர்ந்தது. சுருள் ஊஞ்சல் மாதிரி ஆடியது. கட்டி முடித்துவிட்டு வந்து பால் விடாத கட்டன்சாயா குடித்தேன். சென்னை ரசிகர்கள் எதிர் மூலையில், கயிறு கட்டிப் பிரித்த ஓர் இடத்தில் நீலச் சட்டையோடு இருநூறு பேர் நின்றார்கள்.

அணிகள் வந்தன. பினோய் விசில் ஊதினான். பன்னிரண்டு பேர் இழுத்தார்கள். இடது பக்கம் நாலு முடிச்சு அவிழ்ந்தது. மற்ற எட்டும் இழுக்க இழுக்க இறுகின. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எட்டிலும் மேலே ஒரு சுற்று போட்டிருக்கிறேன். ஆரியங்காவு முடிச்சு. மழையில் நனைந்த கயிறு வேறு.

பேனர் ஒருபக்கம் மட்டும் இறங்கிச் சாய்ந்து தொங்கியது. வள்ளத்தின் பின்பாதி மட்டும் தெரிந்தது. முன்பாதி தண்ணீருக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. மைதானம் முழுவதும் ஒரு நொடி அமைதி. எதிர் மூலையிலிருந்து ஒரு குரல், சுத்தமான தமிழில்:

"ஐயய்யோ, படகு முழுகிருச்சு! யாராச்சும் நீச்சல் தெரிஞ்சவன் குதிங்கப்பா!"

இருநூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். நான் சிரித்துவிட்டேன். பெரிய சிரிப்பில்லை, உதடு விரிந்தது, அவ்வளவுதான். மூன்று வருடமாக அந்த மேல்மாடத்தில் எல்லாவற்றையும் அரை நிமிடம் கழித்து, யாராவது சொல்லித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த ஒரு நகைச்சுவை மட்டும் நேராக உள்ளே போய்விட்டது. திரும்பினால் பினோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே இருந்தவர்களுக்கு மைதானம் மறைக்கிறது என்று ஒரே கூச்சல். கத்தியால் எட்டு முடிச்சையும் ஒவ்வொன்றாக அறுத்தேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி ஆறாவது முடிச்சில் நின்றபோது எங்கள் அணி கோல் போட்டது. மேல்மாடம் குதித்தது. யார் போட்டது, எப்படிப் போட்டது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கோலில் ஜெயித்தோம். எல்லோரும் எல்லோரையும் கட்டிப் பிடித்தார்கள். நான் அறுந்த கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் பக்கம் யாரும் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பினோய் வந்தான். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, அறிஞ்சோண்டு செய்ததாணோ?" என்று கேட்டான். தெரிந்தே செய்தாயா?

இல்லை என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருக்கலாம். கைப் பழக்கம், மழை, காற்று, எல்லாக் காரணமும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பும் இருந்தது. எட்டு முடிச்சு. முதல் நாலைச் சரியாகப் போட்டிருக்கிறேன். பிறகு எதற்காகக் கை மாறியது? மழை வலுத்ததாலா, எதிரே நீலச் சட்டைகள் வர ஆரம்பித்ததாலா? யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தெரியல பினோய்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

முருகையா அண்ணாச்சிக்கு இது விளங்கவே இல்லை. திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார்: "கெட்டுனது அவுரலன்னா அது கெட்டுனவனுக்குப் பெருமைல்லா? அதுக்குப் போயி அந்தப் பய மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்." கொஞ்ச தூரம் போன பிறகு, "இருந்தாலும் உள்ளுக்குள்ள நம்ம ஆளுவ ஜெயிக்கட்டும்னு கெடந்திருக்கும்லே. அது ஒனக்கே தெரியாம கெடக்கும்" என்றார்.

நம்ம ஆட்கள் யார்? சென்னைக்கு நான் அதுவரை ஒரே தடவைதான் போயிருந்தேன், அதுவும் வேலை கிடைக்காமல் திரும்பி வந்தேன். எறணாகுளத்தில்தான் எனக்குச் சோறு, படுக்கை, கூட்டாளிகள். ஆனால் சிரிப்பு எறணாகுளத்து ஆளுக்கு வருகிற சிரிப்பாக வரவில்லையே.

அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தந்தார்கள், மரியாதையாக. பேனருக்கு ஏதோ பிளாஸ்டிக் கிளிப் வாங்கியிருந்தார்கள். ஒரு இழுப்பில் விரிந்தது. நன்றாகவே விரிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அதன் பிறகு எனக்குப் போன் வரவில்லை. நானும் முறை மாற்றிக்கொள்வதை விட்டேன். கொஞ்ச நாளில் முருகையா அண்ணாச்சிக்குக் கண் மங்கி லாரியை விற்றார். நான் திருப்பூர் போனேன், ஓசூர் போனேன். சென்னையில் கட்டட வேலைக்கு இருந்த சமயம் ஒருநாள் அந்த ஊர்க் கால்பந்து மைதானத்துக்கும் போனேன், எந்த அணியின் சட்டையும் போடாமல். கொச்சி கோல் போட்டது. நான் மட்டும் எழுந்து நின்றேன். "மலையாளியாப்பா நீ?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

அந்த எலுமிச்சை லாரி எடைமேடையை விட்டு இறங்கிப் போனதும் பினோயின் பழைய எண்ணைத் தேடி எடுத்து, சங்கரன்கோவில் அண்ணாச்சி என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறானாம். மேல்மாடத்துப் பையன்களில் பாதிப் பேர் இப்போது வெளிநாட்டில். மீதிப் பேர் கல்யாணம், குழந்தை. ரசிகர் கூட்டமைப்பே கலைந்துவிட்டதாம். நலம் விசாரித்து முடித்ததும் நானே ஆரம்பித்தேன்.

"பினோய், அந்த முடிச்சு. நான் வேணும்னு செய்யல" என்றேன். சொல்லும்போதே, இது நிஜமா என்று எனக்குத் தோன்றியது.

அவன் சிரித்தான். "அண்ணாச்சி, ஒரு காரியம் பறயட்டே? அந்நு ஞானும் சிரிச்சு. ஆரும் கண்டில்ல."

அன்றைக்கு அவனும் சிரித்தானாம். யாரும் பார்க்கவில்லையாம். தான் சிரித்தது வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் என்னை முறைத்தானாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இத்தனை வருடம் நான் எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்று குழம்பிப்போனேன்.

"படகு முழுகிருச்சுன்னு கத்துனவன் யாராயிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஆர்க்கறியாம்" என்றான். யாருக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் எடைமேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்துப் போனில் ஆட்டத்தைப் போட்டேன். கொச்சியில், அதே இரண்டு அணிகள். எங்கள் மேல்மாடத்தில் அங்கங்கே ஆட்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கேமரா எதிர் மூலைக்கும் ஒருதடவை போனது. கயிறு கட்டிப் பிரிப்பதெல்லாம் இப்போது இல்லை. நீலச் சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு காவல்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். சென்னைக்காரன் ஒருவன் பந்தைக் கோலுக்கு மேலே, மாடத்துக்கே அடித்துவிட்டான். கேலி செய்ய அருமையான சமயம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.