கறிவேப்பிலை மறந்த ஞாயிறு

ஒரு டப்பா தயிருக்காக டாக்ஸி பிடித்திருக்கிறீர்களா? இந்தக் கோடையில் நான் பிடித்தேன்.

நான் குடியிருப்பது அமீரகத்தில், புஜைரா டவுனின் நட்டநடுவில். சுற்றிலும் வங்கி, இன்ஷூரன்ஸ், கண்ணாடிக் கட்டடங்கள். ஆபீஸ் விட்டால் தெருவே காலி. எங்கள் பில்டிங்கின் கீழே இருந்த ஒரே பக்காலாவும் — நம்ம ஊர் மளிகைக் கடைதான் — மூடிவிட்டது. அந்த இடத்தை வந்து பார்த்த கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. வாடகை அதிகம், வண்டி நிறுத்த இடமில்லை, சாயங்காலம் ஆளில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். வியாபாரம் தெரியாது. கவலைப்பட மட்டும் நன்றாகத் தெரியும். இந்த முறை கவலை, மூன்றாம் மாடி ராஜி அக்காவைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்காரர். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்; கணவருக்குக் கப்பலில் வேலை.

“கீழ கடை வராட்டி நான் வீடு மாறத்தான் வேணும் தம்பி” என்றார்.

அக்கா போய்விட்டால்... என் கவலைகளை யார் காதுகொடுத்துக் கேட்பது?

ஒருவழியாக ஹம்சா இக்கா என்ற மலையாளிக் கடைக்காரர், ஞாயிறு மாலை வந்து இடம் பார்ப்பதாகச் சொன்னார். ஆள் நடமாட்டம் தெரிந்தால்தானே கடை போடுவார்? பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: ‘ஞாயிறு ஆறு மணிக்கு எல்லோரும் கீழே இருங்கள்.’

இருந்தார்கள். ஹைப்பர் மார்க்கெட்டின் இலவச பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி, இரண்டு கையிலும் பைகளோடு, மொத்தப் பில்டிங்கும் இருந்தது. ஞாயிறு ஆறு மணி அந்த பஸ் வரும் நேரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நானே அதில்தான் வந்து இறங்கினேன்.

இக்கா பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எல்லாம் அங்கயே வாங்கியாச்சு. பின்ன எனக்கு இங்க என்ன வேலை பாய்? கலாஸ், முடிஞ்சுது.”

கார் சாவியை எடுத்துவிட்டார்.

அப்போது மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ராஜி அக்காவின் குரல். “தம்பி, கறிவேப்பிலை வாங்கினனீங்களோ?”

போச்சு. கிளம்பும்போது சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“மறந்துட்டேன்க்கா.”

“உங்களுக்குக் கவலைப்படவே நேரம் சரியாக் கிடக்கு.”

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் சந்தேகத்தோடு தன் பையைக் கிளறினார். “அட, நான் முட்டையை விட்டுட்டேன்யா.” இன்னொருவர் போனில் மனைவியிடம் குழைந்துகொண்டிருந்தார் — தேங்காய் எங்கே என்று கேள்வி போலிருக்கிறது.

இக்கா கார் சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டார்.

“பாய், அந்த ஷட்டர் சாவி யார் கையில? மாசச் சாமானை அவங்க விக்கட்டும். மறந்த சாமான் நமக்குப் போதும்.”

போன வாரம் கடை திறந்தாகிவிட்டது. ராஜி அக்கா ஒரு போன் போட்டால் கறிவேப்பிலை மாடி ஏறுகிறது. வீடு மாறும் பேச்சே இல்லை.

டவுனுக்குள் கடை வர பார்க்கிங் வேண்டும், கூட்டம் வேண்டும் என்றார்களே... கொஞ்சம் ஞாபகமறதியும் வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே!

எனக்குத்தான் இப்போது புதுக் கவலை. திடீரென்று எங்கள் பில்டிங்கில் எல்லோருக்கும் ஞாபகசக்தி கூடிவிட்டால்?

எதற்கும் இருக்கட்டும் என்று, இந்த ஞாயிறும் கறிவேப்பிலையை மறந்தேன் — ஞாபகமாக.