பதினெட்டு டிகிரி ரோஜா

எங்கள் அக்கா கையில் கிரீம் பையைக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் ஏழு ரோஜா பூக்கும். கேக் கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கம்பளி'. எல்லோரும் அரைக்கைச் சட்டையில் நிற்கிற அறையில் இவள் மட்டும் ரெண்டு ஸ்வெட்டர். கிரீம் உருகக் கூடாதென்று அங்கே ஏசி எப்போதும் பதினெட்டு.

அக்காவுக்கு அரிவாள் செல் நோய். பிறவியிலேயே வந்தது. உருண்டையாக ஓடவேண்டிய ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, குளிர் பட்டால் குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் எலும்புக்குள் வலி. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, அதனால் யாரும் நம்பவும் மாட்டார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் உண்மையைச் சொன்னாள். மறுநாளே அவள் தம்ளரைத் தனியாக வைத்தார்கள். மாசம் முடிவதற்குள் ஆளையே அனுப்பிவிட்டார்கள். ஒட்டிக்கொள்ள அதென்ன பசையா? அதனால் இங்கே அக்கா அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் அதே கடையில் தட்டு கழுவுகிறேன். போன வாரம் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரம், அவர் மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து இருபத்தெட்டாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி தட்டு கழுவப் போய்விட்டேன்.

அரை மணி நேரத்தில் மூன்றடுக்கு கேக்கின் ரோஜாக்கள் எல்லாம் தூங்கி வழிந்தன.

"யாரு பண்ண வேலை இது?" என்றார் மாஸ்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தான் மாஸ்டர். கொஞ்சம் குளிரா இருந்துச்சு."

"குளிருதுன்னா அடுப்புப் பக்கம் போயிடும்மா. பூ போட வேற ஆள் பாத்துக்கறேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அடுப்புப் பக்கம் நாள் முழுக்க வேர்வை ஊற்றும். உடம்பில் தண்ணீர் வற்றினாலும் அக்காவுக்கு இதே வலிதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"வேணாம் மாஸ்டர். இங்கயே இருக்கேன்." ரிமோட்டை வாங்கி அவளே குறைத்தாள். பிப் பிப் என்று பத்து தடவை.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "அறிவிருக்காடி உனக்கு?"

"இருந்தா பத்தாவது போயிருக்க மாட்டேனா?"

சிரித்தாள். சிரிக்கும்போதே முட்டி மடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டர் பாக்கறாரா?"

"இல்ல."

"மறைச்சு நில்லு."

நின்றேன். காயப்போடுகிறவள் மாதிரி ஈரத்துணியை விரித்து உதறிக்கொண்டே, அவள் அடுத்த ரோஜாவைத் தொடங்கும் வரைக்கும்.