எட்டாவது துண்டு

பத்தாவது போல்ட்டை முறுக்கி முடித்ததும் லைல் கெல்னர் மறுபடி முதல் போல்ட்டுக்குப் போவார். சரியான இறுக்கம் வந்துவிட்டதென்று கையிலிருக்கும் ரெஞ்ச் 'டக்' என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆனால் அது சொன்னால் போதுமா? "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லி, பிடியை மெல்ல அழுத்தி, இன்னொரு 'டக்' கேட்ட பிறகுதான் போல்ட்டின் தலையில் வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போடுவார். இப்படிப் பத்து வரை. அப்புறம் கோடுகளை எண்ணுவார். பத்து போல்ட்டில் பத்துக் கோடுதான் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

லைலுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒஹாயோவில் டேட்டன் நகருக்கு வடக்கே ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் வேலை. கத்தியைப் பிடிக்கிறவர் சர்ஜன். அந்தக் கத்தியைக் கேட்ட நொடியில் அவர் கையில் வைக்கிறவர் லைல். வயிற்றுக்குள் போன பஞ்சுத் துணிகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று கணக்குச் சொல்வதும் அவர் பொறுப்பு. அவர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், எதிரே நிற்கும் நர்ஸ் அதையே தானும் எண்ணித் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாதவரை யாரும் தையல் போடக் கூடாது. இருபத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு. ஒருநாளும் எண்ணிக்கை தவறியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். சொன்னால் மறுநாளே தவறிவிடும் என்று பயம்.

வீட்டுக் கராஜில் நிற்கும் சாம்பல் நிற மஸ்டாங் காரை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. எட்டு சிலிண்டர் இன்ஜின், நானூற்றைம்பதுக்கு மேல் குதிரைசக்தி. அத்தனை குதிரைகளையும் வைத்துக்கொண்டு மனிதர் வேக வரம்புக்கு ஐந்து மைல் குறைவாகத்தான் போவார். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் மனைவி டெனீஸ், காலையில் அவரை ஹாரன் அடித்துக் கடந்து போன நாட்கள் உண்டு. இப்படிப்பட்டவர் ஒரு சூப்பர்சார்ஜர் வாங்கி, அதைத் தானே மாட்டப் போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. காற்றை இறுக்கி இறுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற இயந்திரம் அது. மாட்டினால் சக்தி ஏறக்குறைய எழுநூறைத் தொட்டுவிடும்.

"எதுக்குடா உனக்கு அது?" என்று பக்கத்து வீட்டு ரான்டி கேட்டார். ரான்டி டயர் கடைக்காரர். தூண் மாதிரிக் கைகள். இன்ஜினைப் பிரித்துப் பூட்டியபின் நாலு போல்ட் மிஞ்சினால் அதைக் காபி டப்பாவில் போட்டுவிட்டு, "மிச்சம் வந்தா வேலை சுத்தம்னு அர்த்தம்" என்கிற ரகம்.

"ஓட்டறதுக்கு இல்லப்பா," என்றார் லைல். "உள்ள இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

மூன்று வாரம் அந்தக் கராஜ் அறுவை அரங்கமாகத்தான் இருந்தது. மீன் படம் போட்ட பழைய ஆபரேஷன் தொப்பியைத் தலையில் கட்டிக்கொள்வார். கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சுவரில் ஆணியில் மாட்டுவார். கேக் சுடும் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை போல்ட். குழிக்கு ஒரு சீட்டு. அந்தத் தட்டை டெனீஸ் கேட்டுப் பார்த்தும் திரும்பக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பக்கச் செய்முறையை அச்சடித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். யாரும் எதையும் தொடக் கூடாது. ரான்டி ஒருதரம் ஸ்பேனர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு இடம் மாற்றி வைத்ததற்கு, இரண்டு நாள் லைல் அந்த ஸ்பேனரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பயம் நியாயமானதுதான். மூடியைத் திறந்து கைவைத்த அன்றே கம்பெனி உத்தரவாதம் போய்விட்டது. இன்ஜினுக்கு மேலே இருந்த காற்றுப் பெட்டியைக் கழற்றினால், அதன் கீழே எட்டுத் துளைகள் வாயைத் திறந்துகொண்டு தெரியும். எட்டும் நேராக இன்ஜினின் வயிற்றுக்குள் போகிற வழிகள். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால் போதும், இன்ஜின் தன்னையே மென்று தின்றுவிடும். அதனால் துளைக்கு ஒன்றாக எட்டு நீலத் துண்டுகளைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார். ஆபரேஷனுக்குப் பயன்படுத்திவிட்டுத் துவைத்துக் கழித்த துண்டுகள். மெக்கானிக்குகள் கட்டுக்கட்டாக வாங்குவது வழக்கம். சுவர்ப் பலகையில் பெரிதாக '8' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்.

வியாழன் சாயங்காலம் சூப்பர்சார்ஜரை உட்கார வைத்தார்கள். நாற்பது கிலோ கனம். ஒரு பக்கம் ரான்டி, ஒரு பக்கம் டெனீஸ் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வேறு யாராக இருந்தாலும் முதலில் துண்டுகளை எடுத்துவிட்டு அப்புறம் தூக்கச் சொல்லியிருப்பார்கள். லைலுக்கு மனசு வரவில்லை. திறந்த துளையில் ஒரு கொசு போய்விட்டால்? தூசி விழுந்துவிட்டால்? சாமான் துளைகளுக்கு நேர் மேலே வந்து நின்ற பிறகுதான் துண்டை உருவுவேன் என்று அடம்பிடித்தார்.

"டேய் டாக்டர், சீக்கிரம்டா! இது என்ன கோழிக்குஞ்சா, கையில வச்சுக் கொஞ்சிக்கிட்டு நிக்க?" என்று ரான்டி கத்தினார்.

"லைல், என் முதுகு போச்சு," என்றார் டெனீஸ்.

"இதோ, இதோ, ஆச்சு," என்று லைல் உருவி உருவி வாளியில் போட்டார். "இறக்குங்க!"

ஞாயிறு மதியம் முதல் ஸ்டார்ட். எங்கள் தெருவில் ஒருவர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டினால், அதை முதல்முறை உயிர்ப்பிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியோடு வந்து அவர் வீட்டு முன் உட்கார்ந்துவிடுவோம். அழைப்பெல்லாம் கிடையாது. ரான்டி சக்கரம் வைத்த அடுப்பை உருட்டிக்கொண்டு வந்து சாசேஜ் வாட்ட ஆரம்பித்தார். யாரோ உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டியில் பீர். வேடிக்கைக்கு ஒருவர் தீயணைப்பு சிலிண்டருக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து லைலிடம் கொடுத்தார். லைல் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் மேஜையை ஒழிக்க வேண்டும். அது அவர் பழக்கம். கருவிகளைத் துடைத்து அடுக்கினார். வாளியிலிருந்த நீலத் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து மேஜையில் வைத்தார்.

ஏழு.

மறுபடி எண்ணினார். ஏழுதான். வாளியைக் கவிழ்த்தார். மேஜைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டினார். டெனீஸ் சலவை மெஷினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து, "அங்க இல்ல," என்றார். லைலின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு மெல்ல மெல்ல நின்றது.

"என்னடா ஆச்சு?" என்று ரான்டி எட்டிப் பார்த்தார்.

"ஒரு துண்டு குறையுது."

ரான்டி விழுந்து விழுந்து சிரித்தார். தன் பின்பாக்கெட்டிலிருந்த அழுக்குத் துணியை உருவி மேஜைமேல் எறிந்தார். "இந்தா, எட்டு. கணக்கு சரியாப் போச்சா? பட்டனை அழுத்துடா டாக்டர், பசிக்குது."

"இது சிவப்பு," என்றார் லைல்.

"அட, நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்டா!"

"எங்ககிட்ட நாய் இல்ல."

"எங்க வீட்டு நாய்!"

லைல் காருக்கு முன்னால் போய் நின்றார். துண்டு உள்ளே இருந்து, பட்டனை அழுத்தினால், முதல் மூச்சிலேயே இன்ஜின் அதை இழுத்துக்கொள்ளும். துணி வால்வில் சிக்கும். மூன்று வார வேலையும் அந்த இன்ஜினும் அதோடு சரி. திறந்து பார்க்கலாம் என்றால் பெல்ட், பெட்ரோல் குழாய், தண்ணீர்க் குழாய், ஒயர்கள், வெள்ளைக் கோடு போட்ட பத்து போல்ட், எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். ஆனால் அவர் தயங்கியது அந்த வேலையை நினைத்து அல்ல. திறந்து, துண்டு உள்ளேயே இருந்துவிட்டால்? அப்படியானால் லைல் கெல்னர் எண்ணிக்கையில் தவறியிருக்கிறார். நாளைக் காலை ஏழு மணிக்கு ஒரு மனிதரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, இதே லைல் எண்ணப் போகிறார். இன்ஜின் போவதைவிட இதுதான் அவரை ஆட்டியது. கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

தொப்பியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். "கழட்டப் போறேன்," என்றார்.

"உனக்குப் பைத்தியம்டா," என்றார் ரான்டி. ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

மூன்று மணி நேரம் பிடித்தது. நாற்காலிக்காரர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் ஆறிப்போன சாசேஜைத் தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டும் தன் குழிக்குத் திரும்பிப் போயிற்று. ரான்டியும் டெனீஸும் இயந்திரத்தைத் தூக்கி மேஜையில் வைத்தார்கள். லைல் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒன்று, காலி. இரண்டு, காலி. ஏழு துளைகளும் சுத்தம். எட்டாவது, காரின் முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கிற மூலைத் துளை. அதற்குள்ளும் இருட்டுதான் தெரிந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் ரான்டி.

லைல் இன்னும் குனிந்தார். இருட்டு கொஞ்சம் நீலமாக இருந்தது. சூப்பர்சார்ஜர் உட்காரும் பரப்பைச் சுரண்டித் துடைத்த அன்று, இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தத் துண்டை ஒற்றை விரலால் தானே உள்ளே தள்ளிவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீண்ட மூக்கு இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். துண்டு வந்துகொண்டே இருந்தது. நுனியில் எண்ணெய்க் கறுப்பு.

லைல் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். மடியில் துண்டு.

"தப்புல பாதி என்னோடதுடா," என்றார் ரான்டி, தரையைப் பார்த்தபடி. "நான்தான் கத்துனேன்."

"ஆமா, நீதான் கத்துன," என்றார் டெனீஸ். "நானும்தான்."

"நாளைக்கு ஏழு மணிக்கு நான் அங்க நிக்கணும், டெனீஸ்," என்றார் லைல். "இந்தக் கையை வச்சுக்கிட்டு."

"அங்க நீ தனியாவா எண்ணுவ?"

லைல் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க தனியா எண்ணுன. ஒருத்தரையும் கிட்ட விடல. நான் தினம் நாப்பத்தாறு பிள்ளைங்கள ஏத்தி இறக்கறேன், எனக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" டெனீஸுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணும் கலங்கிவிட்டது. "எந்திரி. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

பரப்பைத் துடைப்பதற்காகத் துளைகளில் மறுபடி அடைத்த துண்டுகளை, இந்தத் தடவை இயந்திரத்தைத் தூக்கும் முன்பே எடுத்தார்கள். கொசுவைப் பற்றி லைல் ஒரு தடவைதான் முணுமுணுத்தார். எடுக்க எடுக்க அவர் ஓர் எண் சொன்னார். டெனீஸ் துண்டை வாங்கி மேஜையில் விரித்து, பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில் அதையே திருப்பிச் சொன்னார். எட்டு என்றார் லைல். எட்டு என்றார் டெனீஸ். பிறகு ரான்டியிடம் ஒரு ரெஞ்சைக் கொடுத்து, "அந்த மூலை போல்ட்டைப் பாரு," என்றார் லைல். ரான்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு முடிந்தது. வெயில் இன்னும் கூரைகளின்மேல் இருந்தது. போனவர்களெல்லாம் திரும்பி வந்து நாற்காலியை விரித்தார்கள். லைல் காருக்குள் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் பெட்ரோல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டார். ரான்டி அந்த உடம்பைத் தரையில் சாய்த்து அடியில் பார்த்து, "சொட்டு இல்ல," என்றார்.

லைல் பிரேக்கில் காலை வைத்தார். பட்டனில் விரலை வைத்தார். அழுத்தவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. நெற்றியிலிருந்து ஒரு துளி வேர்வை இறங்கி மூக்கின் நுனியில் நின்றது. விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

டெனீஸ் சுவரோரத்திலிருந்து நடந்து வந்தார். ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து கையை நீட்டி, லைலின் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.