பந்தலுக்குள் தெரிந்த கால்கள்

திராட்சைப் பந்தலுக்குள் ஆள் நின்றால், வெளியே இருப்பவருக்கு இடுப்புக்கு மேலே தெரியாது; இலையும் குலையும் மறைத்துவிடும். சுருளிப்பட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதை, ஆத்திரத்தில் மறந்துபோய்த்தான் போலீசில் பொய் சொன்னேன்.

அறுப்புக்கு நாலு நாள் இருந்தது. பட்டப்பகலில் என் தோட்டத்துக் கொடிகளில் பன்னிரண்டை எவனோ அடியோடு வெட்டிப்போட்டான். வாய்க்கால் கரையில் சோறு தின்றுகொண்டிருந்த நான் எழுந்து கத்துவதற்குள் ஓடிவிட்டான். வெட்டியது என் கொழுந்தன், முகத்தைப் பார்த்தேன் என்று ஸ்டேஷனில் சொன்னேன். புருஷன் செத்த மூன்றாம் மாதமே என் பங்குத் தண்ணீரை மறித்தவன் அவன். அவன் கையில் விலங்கு மாட்டிப் பார்க்க வேண்டும் என்று ஐந்து வருஷமாக வெறி பிடித்து அலைந்தவள் நான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர், வெட்டியவன் யார் என்றே என்னிடம் கேட்கவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தூக்குச்சட்டியில் என்ன சோறு, என்ன சத்தம் கேட்டது, வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டார். அற்பம் என்று எதையும் விடக் கூடாதாம். பிறகு கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். முன்னோக்கிச் சொல்வது எனக்கு மனப்பாடம். பின்னோக்கிப் போனபோது ஓடிய கால்கள் வந்தன, அரிவாள் வந்தது, வலது குதிகாலில் சுற்றியிருந்த துணி வந்தது. முகம் வரவே இல்லை. கொழுந்தன் காலில் காயம் எதுவும் கிடையாது. அதனால் துணியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"காலை மட்டும் பாத்திருந்தா அதையே சொல்லுங்கம்மா. அதுவே எனக்குப் போதும்."

"மொகத்தைத்தான்யா பாத்தேன்." கையெழுத்தும் போட்டேன்.

கொழுந்தனைப் பிடித்துப் போனார்கள். கொடி வெட்டுப்பட்ட அன்று மதியம் அவன் கம்பம் சந்தையில் நின்றதைப் பத்துப் பேர் வந்து சொல்ல, மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். பதறிப்போய் ஸ்டேஷனுக்கு ஓடி, குதிகால் துணியைச் சொன்னேன். முகத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் இப்போது காலைப் பார்த்தேன் என்றால் எந்தக் கோர்ட்டும் நம்பாது என்றார் இன்ஸ்பெக்டர். என் நாக்கை நானே அறுத்துப்போடலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று அரிவாள்மனையை எடுத்துக்கொண்டேன். அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"வெட்டுனது யாருன்னு எனக்குத் தெரியும் மதினி. பாத்தவுக ஒருத்தர் எங்கிட்ட மட்டும் சொல்லிட்டாக. ஆனா ஒனக்கு நான் சொல்ல மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், பாவி. போன தையில் செத்தும் போனான்.